எஞ்சின் அறையில் பல்பை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மன்னார்ப் பக்கத்துப் படகு உரிமையாளர் ஒருவர் எழுதியிருந்தார். எஞ்சின் அறைக்கு நான்கு எல்.ஈ.டி பல்ப் வாங்கிப் போட்டாராம், இரண்டு மாதத்தில் மூன்று செத்துப்போயிற்றாம். எல்.ஈ.டி என்பதே ஏமாற்று, பழைய மஞ்சள் பல்புதான் கடலுக்குச் சரி என்று கடிதத்தை முடித்திருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது, ஏனென்றால் அதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். ஆனால் அவர் ஆளை மாறிப் பிடித்துவிட்டார்.

நான் முல்லைத்தீவுச் சிலாவத்தையில் இருக்கிறேன். எஞ்சின் திருத்துவது தொழில். எங்கள் கரையில் நிற்கிற கண்ணாடியிழைப் படகுகளின் 15, 25 குதிரைவலு எஞ்சின்கள்தான் எனக்கு அன்றாடச் சோறு. அவற்றில் எஞ்சின் அறையும் இல்லை, அதற்கு விளக்கும் இல்லை. எஞ்சின் பின்னால் தொங்கும், ஆள் ஒரு ரோச் லைற்றோடு போவார். ஆனால் என் மச்சான், மனைவியின் தமையன், இன்னும் இரண்டு பேரோடு பங்குக்கு ஒரு பலநாள் படகு வைத்திருக்கிறார். முல்லைத்தீவில் அதைக் கட்டி வைக்கத் துறைமுகம் இல்லை, திறந்த கடற்கரைதான். அதனால் படகு திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும். வாடைக்காற்று எழும்ப முதல், ஐப்பசியில் நான் பஸ் ஏறிப்போய் நாலைந்து நாள் தங்கி எஞ்சினைப் பார்த்துக் கொடுப்பேன். சொந்தத்துக்குள் கூலி வாங்குவதில்லை. ஒரு நல்ல சூரை மட்டும் வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்த எஞ்சின் அறையைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். மூடியைத் தூக்கி இறங்கினால் நிமிர்ந்து நிற்க முடியாது. நடுவில் டீசல் எஞ்சின், இரண்டு பக்கமும் ஒரு ஆள் சரிந்து போகிற இடைவெளி, பின்னால் கியர் பெட்டி, வலப்பக்கம் பற்றரிகள், அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் ஒயிலும். எஞ்சின் ஓடும்போது சட்டையைக் கழற்றாமல் பத்து நிமிடம் இருக்க முடியாது. இந்த இடத்துக்கு வெளிச்சம் என்று பார்த்தால், வாகனத்தின் பிரேக் லைற்றுக்குப் போடுகிற 21 வாற் பல்ப் நான்கு, கறள் பிடித்த இரும்புக் கூட்டுக்குள். வெளிச்சம் என்னவோ அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கு மாதிரித்தான்.

ஜாம் போத்தல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பழகியது யுத்தத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில், புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில். ரோச் லைற் பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில் எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இரவில் ஒரு எஞ்சினைக் கழற்ற வேண்டுமென்றால் போத்தலுக்குள் திரியைப் போட்டுப் பற்றவைத்து ஒருவன் பிடிப்பான், மற்றவன் கை தடவிச் சுரையைத் தேடுவான். வன்னியில் என் வயதுக்காரர் பலருக்கு இருட்டில் வேலை செய்வது ஒரு பெருமை. அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. "எஞ்சினின் சத்தத்திலேயே எனக்கு வருத்தம் தெரியும், லைற் எதுக்கு?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

மச்சானின் படகில் அந்தப் பெருமை ஒருநாள் அடிவாங்கியது. திருகோணமலைக்குக் கிழக்கே இரண்டு நாள் தூரத்தில், இரவு. தண்ணீர் இறைக்க இறங்கிய பெடியன் டீசல் மணக்கிறது என்றான். நான்கு பல்பும் எரிகிறது, ஆனால் எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. சாம்பல் நிறப் பெயின்ற் அடித்த எஞ்சின், மங்கல் மஞ்சள் வெளிச்சம், அதில் டீசல் ஈரம் எப்படித் தெரியும்? பெடியன் கையால் தடவித் தேடத் தொடங்கியிருக்கிறான். இதைப் படிக்கிற யாராவது எஞ்சின் வேலை செய்பவராக இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள்: எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்ரருக்குப் போகிற அழுத்தக் குழாயில் கசிவை ஒருக்காலும் கையால் தேடக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரித் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நல்ல காலம், அன்று கசிந்தது திரும்பி வருகிற மெல்லிய குழாய், அதில் அழுத்தம் இல்லை. ஆனால் அது சொட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புகைக்குழாய். எஞ்சினை நிறுத்தி, ஒருவன் ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

கரைக்கு வந்ததும் மச்சான் என்னைத்தான் கூப்பிட்டார். "மச்சான், உள்ளுக்கு வெளிச்சம் வேணும். என்ன செலவெண்டாலும் பரவாயில்லை." அந்தக் கடைசி வசனத்தைப் பிறகு அவர் மறந்துவிட்டார், அது வேறு கதை.

முதல் முறை நான் செய்தது வெட்கக்கேடு. ஓட்டோக்காரர் அலங்காரத்துக்கு ஒட்டுகிற எல்.ஈ.டி பட்டியை வாங்கி எஞ்சினுக்கு நேர் மேலே பலகையில் ஒட்டிவிட்டேன். பட்டப்பகல் மாதிரி இருந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். இரண்டாவது பயணத்தில் சூட்டுக்குப் பசை இளகிப் பட்டி தொங்கி பெல்ற்றில் மாட்டிக் கிழிந்தது. எஞ்சினுக்கு நேர் மேலேதான் அறையின் மிக மோசமான சூடு நிற்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

இரண்டாவது முறை, மன்னார் அண்ணர் செய்ததையே செய்தேன். பழைய கூட்டுக்குள் பொருந்துகிற எல்.ஈ.டி பல்ப் நான்கு வாங்கி, பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினேன். பத்து நிமிட வேலை. ஆறு கிழமையில் இரண்டு போயிற்று, ஒன்று மினுங்கியது. அப்போதுதான் வெட்கத்தை விட்டு மீற்றரை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

எஞ்சின் நிற்கிறது, பற்றரியில் 12.6 வோல்ற். நான்கு கூட்டிலும் பழைய பல்பையே திரும்பப் போட்டு எரியவிட்டு அளந்தால், பல்பின் காலடியில் 10.6. நடுவில் இரண்டு வோல்ற் காணாமல் போகிறது. அது வயருக்குள்ளும், மூட்டுகளிலும், கறள் பிடித்த கூட்டிலும் சூடாகப் போகிறது. நான்கு 21 வாற் பல்புக்கும் சேர்த்து ஏழு அம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு வோல்ற் இழப்பென்றால் ஏறத்தாழ 14 வாற் சூடு, டீசல் ஆவியும் ஒயிலும் உள்ள அறையில், யாரோ எப்போதோ முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிய மூட்டுகளில். ரேப்பைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு பச்சைக் களிம்பாக உதிர்ந்தது. போட்டிருந்தது வீட்டுக்குப் போடுகிற தடித்த ஒற்றைக் கம்பி வயர். அது அதிர்வுக்கு உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், வெளித்தோல் மட்டும் முழுதாக இருக்கும்.

பழைய பல்ப் ஏன் ஜாம் போத்தல் மாதிரி எரிந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இழை பல்புக்கு வோல்ற் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆக, இத்தனை வருடமும் மச்சான் நான்கு பல்புக்குக் கரண்ட் கொடுத்து இரண்டு பல்பின் வெளிச்சத்தை வாங்கியிருக்கிறார். பிழை பல்பில் இல்லை, வயரில்.

சரி, எல்.ஈ.டி ஏன் செத்தது? எஞ்சின் ஓடும்போது 12 வோல்ற் என்பது பெயருக்குத்தான், சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். மலிவான பல்புக்குள் ஒரு சிறு தடை மட்டும்தான் இருக்கும். வோல்ற் கூடினால் அதற்குள் ஓடுகிற கரண்ட் அதைவிட வேகமாகக் கூடும், உள்ளே ஒளிர்கிற எல்.ஈ.டி துண்டு வெந்துபோகும். அதோடு பற்றரிக் கவ்வி தளர்வாக இருந்து ஓடும்போது ஒரு கணம் விட்டுப் பிடித்தால், பற்றரியை ஏற்றுகிற அல்ரனேற்றர் பல பத்து வோல்ற் வரை துள்ளும். இழை பல்ப் அதைத் தாங்கிக்கொள்ளும், இது தாங்காது. பெட்டியில் "10 முதல் 30 வோல்ற்" என்று போட்டு, உள்ளே கரண்டைச் சீராக்குகிற சுற்று உள்ள விளக்குத்தான் படகுக்குச் சரி. அதுவும் சூட்டுக்குப் பயப்படும். உள்ளே இருக்கிற மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். ஐம்பதாயிரம் மணித்தியாலம் என்று பெட்டியில் எழுதியிருப்பது குளிரூட்டிய அறைக்கு எழுதியது, எங்கள் எஞ்சின் அறைக்கு இல்லை.

இனி மூன்றாவது முறை. நல்ல விளக்கு, அகன்ற வோல்ற், அலுமினிய முதுகு, தண்ணீர் புகாத மூடி. இது முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த பயணத்தில் மச்சானைப் பக்கத்துப் படகுக்காரர் வீ.எச்.எஃப் றேடியோவில், படகுகள் ஒன்றையொன்று கூப்பிடுகிற 16ஆம் அலைவரிசையில் பலமுறை கூப்பிட்டிருக்கிறார், இவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்பு தெளிவாகக் கேட்கிற தூரம்தான். கரைக்கு வந்து, "வேணுமெண்டே பதில் சொல்லேல்லை" என்று சண்டை வேறு.

விளக்குக்குள் இருக்கிற அந்தச் சீராக்கும் சுற்று ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது. மலிவாகச் செய்தால் அந்த இரைச்சல் வயர் வழியே ஏறி வீ.எச்.எஃப் றேடியோவின் காதை அடைக்கும். இது என் கற்பனை இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆவணியில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. அதிலே சொன்ன சோதனை எங்கள் யாரும் செய்யக்கூடியது. எல்.ஈ.டி எல்லாவற்றையும் அணையுங்கள். றேடியோவை யாரும் பேசாத ஒரு அலைவரிசையில் வைத்து, ஸ்குவெல்ச் என்கிற, இரைச்சலை அடக்குகிற திருகியை இரைச்சல் வரும்வரை திருப்பி, பிறகு இரைச்சல் அடங்குகிற இடம்வரை மட்டும் மெல்லத் திருப்பி நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கு உங்கள் றேடியோவைச் செவிடாக்குகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்றும் பிடித்துவிடலாம். நாங்கள் கொட்பேயில் கட்டிவைத்துச் செய்தோம். நான்கில் இரண்டு கள்ளன்.

2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரையில் இருந்த எங்களுக்கு எச்சரிக்கை கேட்டது, தொலைபேசி இருந்தது. கடலில் இரண்டு நாள் தூரத்தில் இருப்பவனுக்கு றேடியோதான். அதைக் கொடுத்து வெளிச்சம் வாங்க முடியாது. அந்த இரண்டையும் மாற்றினேன். மற்ற இரண்டுக்கும் இரு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓடவிட்டு, அன்ரெனா வயரிலிருந்து தள்ளிப் போட்டு, விளக்கின் கழுத்தில் வயரில் வருகிற இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் வளையம் மாட்டினேன். இப்போது றேடியோ அமைதி.

கடைசியில் நிலைத்த வேலை இதுதான். பழைய வயர் முழுவதும் வெளியே. வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்பு வயர், கொழும்பு புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்தது, முல்லைத்தீவில் கிடைக்கவில்லை. முறுக்கி ரேப் சுற்றுகிற மூட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் குறட்டால் அழுத்திய முனை, மேலே சூட்டில் சுருங்குகிற குழாய். பற்றரிக்குக் கிட்ட பியூஸ். விளக்குகளை இரண்டு தனி வழியாகப் பிரித்தேன், ஒரு பியூஸ் போனாலும் மற்றப் பாதி எரியும். விளக்கு எஞ்சினுக்கு மேலே இல்லை, பக்கச் சுவரில், இடுப்பு உயரத்தில். மேலே இருந்து அடித்தால் என் தலை நிழலே நான் பார்க்கிற இடத்தில் விழும். ஒன்று பம்புப் பக்கம், ஒன்று கியர் பெட்டிக்கு, ஒன்று பற்றரிகளுக்கு, ஒன்று அடித்தண்ணீர் பார்க்க.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கடையில் முதலில் நீட்டுவது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. அதில் கறளும் ஒயிலும் ஒரே மாதிரித் தெரியும். ஒயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாவதை முதலிலேயே பிடிக்க வேண்டுமானால் 4000 கெல்வின் அளவில், நீலம் குறைந்த வெள்ளையை எடுங்கள். இரவில் மேலே ஏறுகிறவன் கண் குருடாகாமல் இருக்க ஏணிக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றும் போட்டேன். அது மச்சானுக்குப் பிடிக்கவில்லை, கோயில் திருவிழா மாதிரி இருக்கிறதாம். பெடியன்களுக்குப் பிடித்திருக்கிறது. போகிற போக்கில், வழிகாட்டும் பக்க விளக்கின் சிவப்பு, பச்சைக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.ஈ.டியைத் திருகாதீர்கள். வெளியே வருகிற நிறம் மாறும். எதிரே வருகிற கப்பல்காரனுக்கு நீங்கள் எந்தப் பக்கம் காட்டுகிறீர்கள் என்று குழம்பும். அதற்கென்று செய்த விளக்கு வேண்டும். ஜெனரேற்றரில் 230 வோல்ற் எல்.ஈ.டி எரிப்பவர்களும் கவனிக்க வேண்டும்: துடிக்கிற வெளிச்சத்தில் சுற்றுகிற தண்டு நிற்கிற மாதிரித் தெரியலாம், கை வைத்துவிடுவீர்கள்.

வயருக்கும் பியூஸ் பெட்டிக்கும் போன காசு விளக்குக்குப் போனதைவிடக் கூட. மச்சானின் முகம் கறுத்துப்போயிற்று. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய நான்கும் பத்து மணித்தியாலம் எரிந்தால் 70 அம்பியர் மணி. 100 அம்பியர் மணிப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினாலே அதன் ஆயுள் குறையும். புதிய நான்கும் ஒவ்வொன்றும் 5 வாற், வெளிச்சம் பழையது புதிதாக இருந்தபோது தந்த அளவு, பத்து மணித்தியாலத்துக்கு 17 அம்பியர் மணிக்குள். வலை போட்டு எஞ்சினை நிறுத்தி மிதக்கிற இரவில் றேடியோ, ஜீ.பீ.எஸ், கண்காணிப்புக் கருவி எல்லாம் அந்தப் பற்றரியில்தான் நிற்கிறது. 2022 ஆனியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது, பற்றரி ஏற்றுவதற்காக மட்டும் நடு இரவில் எஞ்சினை ஓடவிட்டதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரில் என்னை வைத்துக் கதைப்பார்கள். முல்லைத்தீவில் எல்.ஈ.டி என்றாலே வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிற சட்டவிரோதத் தொழில்தான் பலருக்கு நினைவு வரும். 2018 ஆவணியில் அதற்கு எதிராக வீதிக்கு இறங்கிய கூட்டத்தில் நானும் நின்றேன், இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன். நான் பேசுவது மூடிக்குக் கீழே எரிகிற நான்கு சின்ன விளக்கைப் பற்றி. அதைப் பார்த்து ஒரு மீனும் வராது.

கடற்றொழில் திணைக்கள அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். படகைப் பார்க்க வரும்போது உயிர்காப்பு அங்கி, றேடியோ, பதிவு இலக்கம் எல்லாம் பார்க்கிறீர்கள், சந்தோசம். எஞ்சின் அறை மூடியையும் ஒருக்காத் தூக்கி வயரைப் பாருங்கள். உதவித் திட்டத்தில் விளக்கு கொடுக்கிற நிறுவனங்கள் விளக்கோடு வயரும் பியூஸ் பெட்டியும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது, அல்லது விளக்கைக் குறைத்து வயரைக் கொடுங்கள்.

மன்னார் அண்ணர் அந்தச் செத்த மூன்று பல்பையும் எறிந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் பழைய மஞ்சள் பல்புகளைத் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் எரியவிட்டு, ஒரு மீற்றரை எடுத்து, பல்பின் காலடியில் எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ற், நிற்கும்போது எத்தனை, அதே நேரம் பற்றரியில் எத்தனை என்று அளந்து இந்தப் பகுதிக்கே எழுதட்டும். இரண்டு அளவுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால், நான் சொன்னது பிழை என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எஞ்சின் திருத்துபவர்,
சிலாவத்தை, முல்லைத்தீவு.